ஒரு வரி மாற்றினால் 400 வரி சிவப்பாவது ஏன்? எடிட்டரில் கோட் ஃபார்மேட்டிங் அமைக்கும் முறை

ஏப்ரல் 15 வந்தால் மண்டபம் கரையில் விசைப்படகுகள் ஓய்ந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுது மிஞ்சும் காலம் அது. போன தடைக்காலத்தில் அப்படி வந்து சேர்ந்த மூன்று பேருக்கு எங்கள் வீட்டு மாடியில் பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுத்தேன். ஒருவன் தங்கச்சிமடம், ஒருத்தி தேவிபட்டினம், இன்னொருவன் கீழக்கரை. சும்மா பயிற்சிக் கணக்குப் போடுவதைவிட உருப்படியாக ஒன்று செய்வோம் என்று, ஏலத்தில் மீன் போன விலையைப் பதிந்து, டீசல், ஐஸ் செலவைக் கழித்து, படகுப் பங்கையும் ஆள் பங்கையும் பிரித்துக் காட்டுகிற சின்னப் புரோகிராம் ஒன்றை எழுத ஆரம்பித்தோம்.

இரண்டாவது வாரமே சண்டை.

"யக்கா, ஐஸ் விலையை மட்டுந்தான் மாத்துனேன். ஒரே ஒரு வரி. வேற எதையும் தொடலைக்கா" என்கிறான் தங்கச்சிமடத்துத் தம்பி. யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கருவி கிட். அதில் திறந்து பார்த்தால் 400 வரிக்கு மேல் சிவப்பு, அதாவது நீக்கியது; கீழே அதே அளவு பச்சை, அதாவது சேர்த்தது. எழுதியவள் தேவிபட்டினத்துக்காரி. தன் வேலையை எல்லாம் இவன் அழித்துவிட்டான் என்று அவள் முகம் சுருங்கிப்போனது.

அவன் பொய் சொல்லவில்லை. வரியின் முன்னால் இடம்விட அவள் டேப் விசையைத் தட்டி எழுதியிருந்தாள். அவன் எடிட்டர், அதாவது கோட் எழுதும் மென்பொருள், சேவ் பண்ணும்போதே டேப் அத்தனையையும் ஸ்பேஸாக மாற்றிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெற்றிடம், கிட்டுக்கு வேறு வேறு எழுத்து. 'கிட் டிஃப்' என்ற கட்டளையோடு '-டபிள்யூ' சேர்த்து ஓட்டிக் காட்டினேன். வெற்றிட வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதே என்று அதற்கு அர்த்தம். 400 வரியும் மறைந்து ஐஸ் விலை வரி ஒன்று மட்டும் நின்றது. சண்டை தீர்ந்தது, ஆனால் காரணம் அப்படியேதான் இருந்தது. எல்லோர் கோடும் ஒரே வடிவில் இருக்கும்படி வைப்பதுதான் கோட் ஃபார்மேட்டிங். அதைச் சரிசெய்ய அன்று சாயங்காலம் நாங்கள் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எடிட்டர் விஎஸ் கோட். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதலில் கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவையுங்கள்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்னால் ஃபைலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கன்ட்ரோல் விசையையும் காற்புள்ளியையும் சேர்த்து அழுத்துங்கள், செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். மேலே தேடும் பெட்டியில் 'ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, அதை 'ஆல்' என்று வையுங்கள். திரும்பி வந்து கோடைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பேஸும் மங்கலான புள்ளியாகவும், ஒவ்வொரு டேப்பும் சின்ன அம்புக்குறியாகவும் தெரியும்.

எங்கள் ஃபைலில் பங்கு பிரிக்கும் பகுதியைத் திறந்தபோது முதல் மூன்று வரியில் அம்பு, நாலாவது வரியில் நாலு புள்ளி, ஐந்தாவதில் ஒரு அம்பும் அதையொட்டி இரண்டு புள்ளியும். மூன்று பேர் கைபட்ட தடயம் அப்படியே கிடந்தது. வேறு மொழியாக இருந்தால் இது வெறும் அழகுப் பிரச்சினை. பைத்தானுக்கோ வரியின் முன்னால் விடும் இடம்தான் இலக்கணம். டேப்பும் ஸ்பேஸும் முறையில்லாமல் கலந்தால் பைத்தான் 3 'டேப் எர்ரர்' என்று சொல்லி ஓட மறுத்துவிடும்.

அடுத்து, ஜன்னலின் அடியில் ஓடும் பட்டையில் வலது ஓரத்தைப் பாருங்கள். 'ஸ்பேசஸ்: 4' என்றோ 'டேப் சைஸ்: 4' என்றோ இருக்கும். முதலாவது வந்தால் இந்த ஃபைலில் ஸ்பேஸ், இரண்டாவது வந்தால் டேப். அதன் மேலேயே சொடுக்கினால் 'கன்வர்ட் இண்டென்டேஷன் டு ஸ்பேசஸ்' என்ற வழி கிடைக்கும். கலந்து கிடக்கும் ஃபைலை ஒரே தட்டில் ஒழுங்குபடுத்த அதுதான் சுருக்கு வழி.

டேப்பா ஸ்பேஸா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பைத்தானின் நடைக் கையேடான பெப் 8, 2001 முதல் நாலு ஸ்பேஸ் என்கிறது. கோ மொழிக்காரர்கள் தங்கள் கருவியிலேயே டேப் என்று முடிவுகட்டிவிட்டார்கள். இரண்டு கூட்டமும் நன்றாகத்தான் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிழிந்த இடத்தில் நாலு பேர் கை வைத்தாலும் கண் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், எந்த அளவு என்பது வலையைப் பொறுத்தது. இங்கேயும் அப்படித்தான். நாங்கள் நாலு ஸ்பேஸ் என்று வைத்தோம், காரணம் பைத்தான்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்

செட்டிங்ஸ் பக்கத்தில் 'டேப் சைஸ்' 4 என்றும், 'இன்சர்ட் ஸ்பேசஸ்' டிக் அடித்தும் இருக்கும். புது விஎஸ் கோடில் இயல்பாகவே இப்படித்தான். அது அப்படி இருந்தும் தேவிபட்டினத்துக்காரி தட்டியது டேப்பாகவே விழுந்தது ஏன்?

அதற்குக் கீழே 'டிடெக்ட் இண்டென்டேஷன்' என்று ஒன்று இருக்கிறது. அதுவும் இயல்பாகவே டிக் அடித்திருக்கும். ஒரு ஃபைலைத் திறந்ததும் எடிட்டர் உள்ளே நோட்டம்விட்டு, இது டேப் ஃபைலா ஸ்பேஸ் ஃபைலா என்று ஊகித்துக்கொள்ளும். ஊகித்ததும் நீங்கள் வைத்த அளவு அந்த ஃபைலுக்குச் செல்லாது. அவள் இணையத்தில் எங்கிருந்தோ எடுத்த ஒரு துண்டை முதலில் ஒட்டி ஆரம்பித்திருக்கிறாள், அதில் டேப். மூடித் திறந்த பிறகு எடிட்டர் 'ஓ, இது டேப் ஃபைல்' என்று முடிவுசெய்துவிட்டது. "செட்டிங்கை எத்தனை தடவை மாத்தினாலும் மாறவே மாட்டேங்குதுக்கா" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் வியாதி. சொந்தப் புராஜெக்டில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்தவர் எழுதிய கோடை அடிக்கடி திறந்து வேலைபார்க்கிறவர் என்றால் விட்டுவிடுங்கள், அங்கே அது உதவி.

ஃபார்மேட்டர் போடுவது

இதுவரை சொன்னது வரியின் முன்னால் விடும் இடத்துக்கு மட்டும். மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா, நீண்ட வரியை எங்கே உடைப்பது, இரண்டு பகுதிக்கு நடுவே எத்தனை வெற்று வரி, இதையெல்லாம் மனிதன் பார்க்கக் கூடாது. அதற்கென்று ஃபார்மேட்டர் இருக்கிறது. பைத்தானுக்கு நாங்கள் எடுத்தது பிளாக். 2018-ல் வந்தது. அதில் மாற்றிவைக்கக் கிடைக்கும் அமைப்புகள் மிகக் குறைவு, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. விவாதிக்க எதுவும் மிச்சமில்லை. ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் எழுதுகிறவர்கள் பிரிட்டியரைப் போடுங்கள். அதன் இயல்பு அளவு இரண்டு ஸ்பேஸ், வரிக்கு 80 எழுத்து.

எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்ப்பதற்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். இடது ஓரத்தில் எக்ஸ்டென்ஷன்ஸ் சின்னத்தைச் சொடுக்கி 'பிளாக் ஃபார்மேட்டர்' என்று தேடி, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதைப் பார்த்து நிறுவுங்கள். நெட் சரியாக இழுக்காத வீட்டில் இருக்கிறவர்கள், சிக்னல் கிடைக்கும் இடத்தில் அந்த எக்ஸ்டென்ஷனை ஃபைலாக இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, அதே பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் 'இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்' கொடுத்தால் போதும். கீழக்கரைத் தம்பிக்கு அப்படித்தான் போட்டோம்.

பிறகு ஒரு பைத்தான் ஃபைலைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் அழுத்துங்கள். கட்டளைப் பெட்டி வரும். 'ஃபார்மேட் டாக்குமென்ட் வித்' தட்டி, அடியில் இருக்கும் 'கன்ஃபிகர் டிஃபால்ட் ஃபார்மேட்டர்' எடுத்து, பிளாக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மொழிக்கு இரண்டு ஃபார்மேட்டர் கிடந்து, எது என்று நீங்கள் சொல்லாமல் விட்டால், எடிட்டர் எதையும் செய்யாமல் உங்களைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

இனி விண்டோஸில் ஷிஃப்ட், ஆல்ட், எஃப். லினக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ. அழுத்தியதும் கோடு ஒருமுறை குலுங்கி வரிசைக்கு வரும்.

முதல் தடவை அப்படிக் குலுங்கும்போது எல்லோருக்கும் பயம் வரும். "கணக்கு மாறிப்போகாதுல்லக்கா?" மாறாது. பிளாக் தான் எழுதிய கோடும் பழைய கோடும் பைத்தானுக்கு ஒரே பொருள் தருகிறதா என்று தானே ஒப்பிட்டுப் பார்க்கும், ஒத்துவரவில்லை என்றால் ஃபைலைத் தொடாது. கோடில் பிழை இருந்தாலும், உதாரணமாக ஒரு அடைப்புக்குறி மூடாமல் கிடந்தாலும், பேசாமல் இருந்துவிடும். எனவே ஃபார்மேட் ஆகவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது எடிட்டரில் கோளாறை அல்ல, உங்கள் அடைப்புக்குறியை.

ஒவ்வொரு தடவையும் விசை அழுத்த யாருக்கும் நினைவிருக்காது. செட்டிங்ஸில் 'ஃபார்மேட் ஆன் சேவ்' தேடி டிக் அடியுங்கள். இயல்பாக அது அணைந்திருக்கும்.

இங்கே ஒரு வினோதம். கீழக்கரைத் தம்பிக்கு இதை டிக் அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் தேடினேன். அவன் வீட்டில் டெஸ்க்டாப். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது என்பதால் 'ஆட்டோ சேவ்' என்பதை 'ஆஃப்டர் டிலே' என்று வைத்திருந்தான். ஒரு வினாடி கை ஓய்ந்தால் எடிட்டர் தானே சேவ் பண்ணிக்கொள்ளும். அப்படித் தானாக நடக்கும் சேவில் ஃபார்மேட்டர் ஓடாது. தட்டிக்கொண்டிருக்கும்போதே வரி குதித்தால் யாருக்கும் எரிச்சல் வரும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்களே கன்ட்ரோல், எஸ் அழுத்தினால்தான் ஓடும். ஆட்டோ சேவை 'ஆன் ஃபோகஸ் சேஞ்ச்' என்று மாற்றினோம். வேறு ஜன்னலுக்கோ வேறு ஃபைலுக்கோ போகும்போது சேவும் ஆகும், ஃபார்மேட்டும் ஆகும்.

கமாவில் இருக்கும் சூட்சுமம்

பிளாக் வரியை 88 எழுத்தில் உடைக்கும். பெப் 8 சொல்வது 79. இந்த எண்களெல்லாம் 80-ஐச் சுற்றியே வருவதற்குப் பழைய கதை உண்டு: 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த துளையட்டையில் 80 நிரல். அட்டை போய்விட்டது, எண் போகவில்லை.

எங்கள் புரோகிராமில் மீன் பெயர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. சீலா, நகரை, விளைமீன், பாறை. நாலும் ஒரே வரியில். கடைசியில் 'பாறை'க்குப் பிறகு ஒரு கமா சேர்த்து சேவ் பண்ணிப் பாருங்கள் என்றேன். நாலும் நாலு வரியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிட்டது. கடைசிக் கமாவைப் பார்த்தால், இடம் இருந்தாலும் பிளாக் பட்டியலைப் பிரித்தே எழுதும். கமாவை எடுத்துவிட்டு சேவ் பண்ணினால் மறுபடி ஒரே வரி. இதில் என்ன லாபம் என்றால், நாளைக்கு 'கணவாய்' சேர்க்கும்போது கிட்டில் ஒரே ஒரு பச்சை வரி மட்டும் தெரியும். பழைய வரி எதுவும் சிவப்பாகாது. பட்டியல் வளரும் என்று தெரிந்தால் கமாவோடு எழுதிப் பழகுங்கள்.

சில இடத்தில் நீங்கள் கையால் நிரல் பார்த்து அடுக்கியதை பிளாக் கலைத்துவிடும். எங்களிடம் கூடை எடைகளை நேர்க்கோட்டில் அடுக்கிய அட்டவணை ஒன்று அப்படிப் போனது. அதற்கு மேலே, பைத்தான் குறிப்பு எழுதும் # அடையாளத்தோடு 'எஃப்எம்டி: ஆஃப்' என்றும், முடிந்ததும் 'எஃப்எம்டி: ஆன்' என்றும் ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் இருப்பதைத் தொடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். ஃபைலுக்கு நாலு இடத்தில் வந்துவிட்டால் ஃபார்மேட்டர் வைத்ததற்கே பொருளில்லை.

கோடுக்குள் தமிழில் பெயரோ குறிப்போ எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. 'மீன்' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நாலு: ம, ஈகாரக் குறி, ன, புள்ளி. அதனால் அடிப்பட்டையில் காட்டும் நிரல் எண்ணும் நீங்கள் எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாது, 88-ல் எல்லைக்கோடு வரைந்து வைத்தாலும் தமிழ் வரி அதற்கு முன்னோ பின்னோ நிற்கும். பிழையில்லை, விட்டுவிடுங்கள்.

அமைப்பு உங்கள் எடிட்டரில் இருந்தால் போதாது

இதுவரை செய்ததெல்லாம் ஒருவர் கணினிக்கு. மூன்று பேருக்கும் உட்கார்ந்து தனித்தனியாக டிக் அடித்தால் அடுத்த வாரம் ஒருவர் மாற்றிவிடுவார். அமைப்பு புராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும், கோடோடு சேர்ந்து கிட்டில் ஏற வேண்டும். இதை முதல் நாளே நான் செய்திருந்தால் 400 வரி சிவப்பாகியே இருக்காது. தப்பு என்னுடையது.

செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே 'யூசர்', 'வொர்க்ஸ்பேஸ்' என்று இரண்டு தாவல் இருக்கும். பலர் இரண்டாவதைக் கவனிப்பதே இல்லை. வொர்க்ஸ்பேஸில் வைப்பது அந்த ஃபோல்டருக்குள்ளேயே, புள்ளியில் தொடங்கும் விஎஸ்கோட் என்ற உள் ஃபோல்டரில் செட்டிங்ஸ் ஃபைலாகப் பதியும், யூசர் அமைப்பை மிஞ்சியும் நிற்கும். டேப் சைஸ், ஃபார்மேட் ஆன் சேவ், எந்த ஃபார்மேட்டர் என்ற மூன்றையும் அங்கே வையுங்கள். எழுத்தின் அளவு, பின்னணி நிறம் போன்றவை அவரவர் விருப்பம், அதை இங்கே கொண்டுவந்து அடுத்தவர் மேல் திணிக்காதீர்கள்.

கவனம்: ஒற்றை ஃபைலை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் இந்த அமைப்பு வேலைசெய்யாது. 'ஓபன் ஃபோல்டர்' கொடுத்து முழு ஃபோல்டரைத் திறக்க வேண்டும். திறக்கும்போது இந்த ஃபோல்டரை நம்புகிறீர்களா என்று கேட்டால், உங்களுடையதுதான் என்றால் ஆம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் சில எக்ஸ்டென்ஷன் ஓடாது.

எல்லோரும் விஎஸ் கோடே வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. எடிட்டர் எதுவானாலும் புரிந்துகொள்ளும் பொதுவழக்கு ஒன்று இருக்கிறது, பெயர் எடிட்டர்கன்ஃபிக். ஃபோல்டரின் மேல்மட்டத்தில் புள்ளி வைத்து அந்தப் பெயரிலேயே ஒரு ஃபைல். நாங்கள் எழுதியது கீழே. ஒலிப்பு புரியத் தமிழில் எழுதியிருக்கிறேன், ஃபைலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கோட்டோடு எழுதுங்கள்:

ரூட் = ட்ரூ
[*]
சார்செட் = யூடிஎஃப்-8
எண்ட்_ஆஃப்_லைன் = எல்எஃப்
இன்சர்ட்_ஃபைனல்_நியூலைன் = ட்ரூ
ட்ரிம்_ட்ரெய்லிங்_ஒயிட்ஸ்பேஸ் = ட்ரூ
இண்டென்ட்_ஸ்டைல் = ஸ்பேஸ்
இண்டென்ட்_சைஸ் = 4
[*.எம்டி]
ட்ரிம்_ட்ரெய்லிங்_ஒயிட்ஸ்பேஸ் = ஃபால்ஸ்

'ட்ரிம்' வரி, வரிக் கடைசியில் தொங்கும் வெற்றிடத்தை வெட்டும். விளக்கக் குறிப்பு எழுதும் மார்க்டவுன் (எம்டி) ஃபைலுக்கு மட்டும் அதை அணைத்திருக்கிறோம், ஏனென்றால் அங்கே வரி முடிவில் இரண்டு ஸ்பேஸ் என்றால் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். விஎஸ் கோடுக்கு இதைப் படிக்க அதே பெயரில் ஒரு எக்ஸ்டென்ஷன் வேண்டும். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் எடிட்டர்களில் தானாகவே படிக்கும்.

'எல்எஃப்' வரி எதற்கு? தேவிபட்டினத்துக்காரியிடம் இருப்பது பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி, லினக்ஸ் போட்டது. மற்ற இருவரும் விண்டோஸ். விண்டோஸ் ஒரு வரியை முடிக்க இரண்டு குறி போடும் (சிஆர்எல்எஃப்), லினக்ஸ் ஒன்றுதான் போடும் (எல்எஃப்). பழைய தட்டச்சுப் பொறியில் உருளையை வலதுக்குத் தள்ளுவது ஒரு வேலை, தாளை ஏற்றுவது இன்னொரு வேலை, அந்த வழக்கத்தின் மிச்சம் இது. விண்டோஸில் எழுதிய ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்கி லினக்ஸில் ஒட்டி கிட்டில் ஏற்றினால், மறுபடியும் முழு ஃபைலும் சிவப்பு. அடிப்பட்டையில் 'சிஆர்எல்எஃப்' என்று தெரிந்தால் அதைச் சொடுக்கி 'எல்எஃப்' ஆக்கி சேவ் பண்ணுங்கள்.

ஏற்கெனவே எழுதிய கோடை என்ன செய்வது

எல்லாம் வைத்தாயிற்று. பழைய ஃபைல்களை யாராவது ஒருவர், ஒரே தடவையில், வேறு எந்த மாற்றமும் கலக்காமல் ஃபார்மேட் பண்ண வேண்டும். மற்ற இருவரும் அதுவரை கையில் இருக்கும் வேலையை ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்கும்போது மோதல் வரும். கட்டளை தட்டும் டெர்மினலில் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பிளாக்', பிறகு 'பிளாக்' என்று எழுதி இடம்விட்டு ஒரு புள்ளி. ஃபோல்டர் முழுக்க ஓடும். மாற்றங்களை ஒரு தொகுதியாகக் கிட்டில் பதிவதற்குக் கமிட் என்று பெயர். இந்தக் கமிட்டின் செய்தியில் 'ஃபார்மேட் மட்டும்' என்று எழுதுங்கள். ஐஸ் விலை அடுத்த கமிட்டில்.

இதில் ஒரு மனக்குறை வரும், தேவிபட்டினத்துக்காரிக்கு வந்தது. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும் 'கிட் பிளேம்' போட்டால் அவள் எழுதிய வரி எல்லாம் ஃபார்மேட் ஓட்டியவன் பெயரில் வந்துவிடும். 2019-ல் வந்த கிட் 2.23 முதல் இதற்கு வழி இருக்கிறது. அந்தக் கமிட்டின் நீண்ட எண்ணை ஒரு ஃபைலில் எழுதி, புள்ளி போட்டு 'கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்று பெயர் வைத்து, 'கிட் கன்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' என்ற கட்டளைக்குப் பின்னால் அந்த ஃபைல் பெயரைக் கொடுங்கள். கன்ஃபிக் கட்டளையை ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் ஒருமுறை ஓட்ட வேண்டும், அது கிட்டில் ஏறாது.

அவள் ஓட்டிப் பார்த்தாள். பங்கு பிரிக்கும் பகுதி முழுக்க மறுபடி அவள் பெயர். ஐஸ் விலை வரியில் மட்டும் தங்கச்சிமடத்தான் பெயர்.

"அந்த வெலையும் தப்புக்கா" என்றாள்.